ஏழு கதவுகள்

"கைப்பிடியை விடாம ஏறுங்க சித்தி. எந்த மாடியில நிக்கிறோம்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடலாம்" என்றாள் அக்கா மகள்.

சொன்னபடியே ஏறினேன். தரைத்தளத்தில் அந்தக் கைப்பிடி மகோகனி. உள்ளங்கை நிறையும் தடிமன், நூற்றைம்பது ஆண்டுக் கைகள் தேய்த்துத் தேய்த்து எண்ணெய் பூசியது போன்ற வழவழப்பு. கீழ்முனை நத்தை ஓடு மாதிரி சுருண்டு முடிந்திருந்தது. அதைத் தாங்கிய சிறு தூண்கள் ஒவ்வொன்றும் கடைசல் பிடித்தவை. இரண்டாம் மாடியைத் தாண்டியதும் மரம் மெலிந்தது. மூன்றாம் மாடிக்குப் போகும்போது கடைசல் வேலை நின்றுபோய் வெறும் சதுரக் குச்சிகள் வந்தன. கடைசிப் படிகளில் கையைக் குறுக்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒல்லியான, பெயின்ட் அடித்த பைன் மரம். படியும் ஒடுங்கி, செங்குத்தாகி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. விருந்தாளியின் கை எதுவரை போகுமோ அதுவரைதான் நல்ல மரம்.

தென் லண்டனில், பிரிக்ஸ்டனுக்கும் ஸ்டாக்வெல்லுக்கும் இடைப்பட்ட தெரு அது. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகளின் வரிசையில் ஒரு வீடு விற்பனைக்கு வந்திருந்தது. அக்கா மகள் அங்கே கட்டட சர்வேயர். வீட்டை வாங்க நினைப்பவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் இவளைப் போன்றவர்களை அனுப்பி, விரிசல் உண்டா, கூரை தாங்குமா, சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வீடு காலியாகத்தான் கிடந்தது. அனுமதி கேட்டு என்னையும் உடன் அழைத்துப் போனாள். விற்பனை அட்டையில் கண்ணைக் கவரும்படி அச்சிட்டிருந்தார்கள்: விக்டோரியா காலத்துப் பெரிய குடும்ப வீடு, ஆறு தளங்கள். கேட்ட விலை 20 லட்சம் பவுண்டுக்கு மேல். நம் பணத்தில் 20 கோடியைத் தாண்டும்.

அந்தக் 'குடும்ப வீடு' என்ற சொல் என்னை அன்று முழுவதும் விடவில்லை. எந்தக் குடும்பம்?

இந்த வீடுகள் எப்படி வந்தன என்பதை அவள் தெருவிலேயே நின்று சொன்னாள். 1845-ல் கண்ணாடி மீதான வரி போயிற்று. 1850-ல் செங்கல் வரி போயிற்று. 1851-ல் சன்னல் வரியும் போயிற்று. அதுவரை வீட்டுக்கு எத்தனை சன்னல் என்று எண்ணி வரி வாங்கியிருக்கிறார்கள். வரிக்குப் பயந்து சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தவர்களும் உண்டு. அந்தத் தடைகள் விலகியதும் சன்னல்கள் பெரிதாயின. சுவரை விட்டுத் தெருப்பக்கம் புடைத்து வந்து மூன்று பக்கமும் வெளிச்சம் வாங்கும் சன்னல்கள் அந்தத் தலைமுறையின் ஆசை. ரயில், வடக்கு வேல்ஸ் மலைகளிலிருந்து மெல்லிய கற்பலகைகளைக் கொண்டுவந்து லண்டன் கூரைகளில் ஏற்றியது. பிரிக்ஸ்டனுக்கு ரயில் நிலையம் 1862-ல் வந்தது. நகரத்துக்குள் வேலை, புகை குறைந்த புறத்தில் வீடு என்ற வாழ்க்கை நடுத்தர வர்க்கத்துக்குக் கைகூடியது. ஒப்பந்தக்காரர்கள் நிலத்துக்காரரிடம் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனையை வாங்கி, வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். செங்கல் உள்ளூர் மண்ணில் சுட்டது, நல்ல மஞ்சள். அது நிலக்கரிப் புகையில் கறுத்துப் போய், இன்று கழுவாத வீடுகள் எல்லாம் அடுப்படிச் சுவரின் நிறத்தில் நிற்கின்றன.

"காலடியைப் பாருங்க" என்றாள். நடைபாதைக் கல்லில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வார்ப்பிரும்பு மூடி, மேலே நட்சத்திரக் கோலம். வண்டியில் வரும் நிலக்கரி மூட்டையை அந்தத் துளை வழியாகக் கவிழ்ப்பார்களாம். நடைபாதைக்கு அடியில் நிலவறை. கரிக்காரர் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதே இல்லை. அந்த மூடியை எங்கே பார்த்தாலும் இப்போது குனிந்து பார்க்கிறேன். ஒன்றில் பூ, ஒன்றில் சக்கரம், ஒன்றில் வார்த்த பட்டறையின் பெயர். மழையில் வழுக்காமல் இருக்கத்தான் அந்த மேடுபள்ளக் கோலம் என்றாள்.

வாசலுக்கு இரண்டு வழி. ஏழு படி ஏறினால் தூண் வைத்த பெரிய கதவு. இரும்புக் கிராதிக்கு நடுவே உள்ள சின்ன கேட்டைத் திறந்து இறங்கினால், தெருமட்டத்துக்குக் கீழே ஒரு குறுகிய முற்றமும் அங்கே இன்னொரு கதவும். பால், இறைச்சி, வேலைக்காரப் பெண் எல்லாம் அந்த வழி. நாங்கள் கீழ்வழியே போனோம். அவள் பார்க்க வேண்டிய ஓதம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கீழ்த்தளம் ஒரு காலத்தில் சமையலறை. இப்போதைய உரிமையாளர் அதைப் பளபளப்பாக்கியிருந்தார். ஈரமானியைச் சுவரில் அழுத்தியதும் அது கத்தத் தொடங்கியது. பிழை எங்கே என்று அவள் உடனே காட்டினாள். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை, நடுவே வெற்றிடம் கிடையாது. ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் சுவர்கள். யாரோ ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து வெளியே சிமென்ட் பூசிவிட்டார். சுவருக்கு மூச்சு அடைத்துவிட்டது. "சுண்ணாம்புக் கட்டடத்துல சிமென்ட் வைக்காதீங்கன்னு தாத்தா கத்துவாரே, அதேதான் சித்தி" என்றாள். அவள் தாத்தா, என் அப்பா, மதுரையில் கொத்தனார்களோடு சண்டை போட்டது எனக்கும் நினைவுக்கு வந்தது.

சமையலறை வாசலுக்கு மேலே ஒரு நீளப் பலகை மட்டும் மிச்சம். அதில் வரிசையாக ஒன்பது துளைகள். மணிகள் தொங்கிய இடம். மாடியில் கணப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிடியைத் திருகினால் சுவருக்குள் ஓடும் செம்புக் கம்பி இழுபட்டு இங்கே ஒரு மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுருள்வில். ஓசை நின்ற பிறகும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருக்கும். கை வேலையாக இருந்த பெண் ஓடிவந்து நிமிர்ந்து பார்த்தால் எது ஆடுகிறது, எந்த அறை கூப்பிட்டது என்று தெரியும். சில பெண்கள் பார்க்காமலே ஓசையை வைத்துச் சொல்வார்களாம். அங்கிருந்து ஐந்து தளத்துக்கும் நிலக்கரி, வெந்நீர், சாப்பாடு எல்லாம் ஏற வேண்டும். சாம்பலும் அழுக்கு நீரும் இறங்க வேண்டும். அந்த வீட்டில் கணப்புகளை எண்ணினேன். பதினொன்று.

1891-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். பெண்களுக்கு அன்று இருந்த பிழைப்புகளில் அதுதான் மிகப் பெரியது. அவர்களில் மிகச் சிலரே தங்கள் வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். ஹானா கல்விக் என்ற பணிப்பெண் எழுதினார். 1833-ல் பிறந்து 1909-ல் இறந்தவர். வாசற்படி தேய்த்தது, கணப்பின் இரும்புக்குக் கறுப்பு மெருகேற்றியது, பூட்ஸ் துடைத்தது, கரி சுமந்தது என்று அன்றன்றைய வேலையைப் பல ஆண்டுகள் நாட்குறிப்பாக எழுதியிருக்கிறார். அந்த நாட்குறிப்புகள் இன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. டிரினிட்டி என்றதும் தமிழ் வாசகருக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். அவரிடம் பிறகு வருகிறேன்.

மேலே போனால் விக்டோரியா வீடு தன் வரிசைமுறையை ஒளிக்காமல் சொல்கிறது. வாசல் நடையில் களிமண்ணிலேயே நிறம் பதித்துச் சுட்ட தரை ஓடுகள்: சிவப்பு, கறுப்பு, வெண்மஞ்சள். தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் வரவேற்பு அறை. வீட்டிலேயே உயரமான கூரை, உயரமான சன்னல், கூரை நடுவே சாந்தில் வார்த்த பெரிய பூ, சுவர் விளிம்பெங்கும் இலைக்கொடி. இரண்டாம் மாடியில் கணவன் மனைவி படுக்கும் அறை. இலைக்கொடி எளிய கோடாகிவிடுகிறது. மூன்றாம் மாடி பிள்ளைகளுக்கு. அந்தக் கோடும் இல்லை. அதற்கு மேல் கூரையின் சரிவுக்கு அடியில் பணிப்பெண்கள் தூங்கிய அறை. நான் குட்டை, நானே ஓரத்தில் நிமிர முடியவில்லை. பதினொரு கணப்பில் மிகச் சிறியது அங்கே இருந்தது, ஒரு புத்தகம் அளவு. நாள் முழுக்கப் பத்து அறைக்குக் கரி சுமந்தவள் தன் அறைக்கும் ஒரு வாளி சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏறியிருப்பாளா? எனக்குச் சந்தேகம்தான்.

முந்தின நாள் கென்சிங்டனில் 18, ஸ்டாஃபோர்ட் டெரஸ் என்ற வீட்டைப் பார்த்திருந்தேன். அதனால்தான் இந்தக் காலி வீட்டை என்னால் படிக்க முடிந்தது. 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் 1875-ல் மனைவி மேரியனோடு குடியேறிய வீடு அது. சுவரில் வில்லியம் மோரிஸின் தாள். அதன் மேல் இடைவெளியே இல்லாமல் படங்கள், கடிகாரங்கள், சீனத் தட்டுகள். தெருப்பக்கச் சன்னலில் பெரணிச் செடிகளுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அவர் 1910-ல் இறந்தார். மகன் ராய் மணம் செய்துகொள்ளாமல் 1946 வரை அங்கேயே இருந்து, எதையும் மாற்றாமல் விட்டுப் போனார். பிறகு அதைப் பேணியவர் பேத்தி ஆன். 1957-ல் அவர் அந்த வரவேற்பு அறையில் நண்பர்களைக் கூட்டினார். விக்டோரியா காலத்துக் கட்டடங்களை அசிங்கம் என்று எல்லோரும் இடித்துக்கொண்டிருந்த காலம். கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடவியல் அறிஞர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் போன்றோர் சேர்ந்து விக்டோரியன் சொசைட்டியை 1958-ல் தொடங்கினார்கள். யூஸ்டன் ரயில் நிலையத்தின் மாபெரும் வளைவை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை, 1961-62ல் இடித்துவிட்டார்கள். செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் தப்பியது.

அந்த வீடு அழகு. மறுக்கவே மாட்டேன். ஆனால் அது ஒரு காலத்தில் நின்றுவிட்ட வீடு. பிரிக்ஸ்டன் வீடு நிற்காத வீடு. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. ஏன் என்று கதவுகள் சொல்லின.

இரண்டாம் மாடிப் பின்னறையின் கதவைத் தள்ளும்போது விரலில் ஒரு மேடு தட்டியது. நெஞ்சளவு உயரம். குனிந்து சாய்வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் வட்டமான ஒரு ஒட்டு, பழைய ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. துளை போட்டு, பிற்பாடு மரக்கட்டை வைத்து அடைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பக்கத்து அறைக் கதவிலும் அதே உயரத்தில் அதே வட்டம். முன்னறையிலும். மேலே ஏறினேன்; அங்கும். முதல் மாடி வரவேற்பு அறையில் அகலமான பெரிய கதவிலும் இருந்தது. மொத்தம் ஏழு.

"பூட்டு" என்றாள் அக்கா மகள். "யேல் பூட்டு. ரூமுக்கு ஒரு குடும்பம் இருந்திருக்காங்க."

பிரிக்ஸ்டனின் பெரிய வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அறை அறையாக வாடகைக்குப் போகத் தொடங்கிவிட்டன. நாடகக்காரர்களும் இசைக்கூடக் கலைஞர்களும் தங்கும் பகுதி அது. முதல் உலகப் போருக்குப் பிறகு வீட்டு வேலைக்குப் பெண்கள் வருவது குறைந்தது. பெண் சுமக்காவிட்டால் ஆறு தள வீடு ஓடாது. வசதியானவர்கள் இன்னும் வெளியே நகர்ந்தார்கள். அடுத்த போரில் குண்டு விழுந்தது. 1948 ஜூன் 22 அன்று, கரீபியத் தீவுகளிலிருந்து 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் வந்தவர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கினார்கள். தங்க இடமில்லாத 200க்கும் மேற்பட்டவர்களைக் கிளாப்பம் சவுத் நிலையத்தின் ஆழ்நிலப் பதுங்கறையில் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து பக்கத்தில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனின் கோல்ட்ஹார்பர் லேனில். வேலை தேடி நடந்த தூரத்திலேயே அவர்கள் குடியும் அமைந்தது.

குடியமர்வது எளிதாக இல்லை. கறுப்பர்களுக்கு அறை இல்லை என்று சன்னலில் எழுதி ஒட்டினார்கள். வீட்டு வாடகையில் அப்படி ஒதுக்குவதைச் சட்டம் தடைசெய்தது 1968-ல்தான். வங்கிகள் கடன் கொடுக்கவில்லை. அப்போது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கம் கை கொடுத்தது. வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று ஒருவரிடம் கட்டுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவராக மொத்தத்தையும் எடுப்பார்கள். அவர்கள் அதை 'பார்ட்னர்' என்பார்கள். நாம் சீட்டு என்போம். ஒரு துண்டுக் காகித ஒப்பந்தம்கூட இல்லாமல் நாணயத்தின் மேல் ஓடும் அதே ஏற்பாடு. குத்தகை முடியச் சில ஆண்டுகளே மிச்சமிருந்த, யாரும் சீண்டாத இந்த விக்டோரியா வீடுகளுக்கு முன்பணத்தை அந்தச் சீட்டுப் பணத்தில்தான் பலர் கட்டினார்கள். கடனை அடைக்க, தாங்கள் ஒரு அறையில் ஒடுங்கி மற்ற அறைகளை வாடகைக்கு விட்டார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பொதுவாக ஒரு கேஸ் அடுப்பு. ஷில்லிங் போட்டால் எரியும் மீட்டர். அறைக்கு ஒரு பூட்டு.

இந்த வாழ்க்கை குடியேறிகளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தந்தையின் தொழில் நொடித்து, 1955-ல் ஒரு ஆங்கிலக் குடும்பம் இதே கோல்ட்ஹார்பர் லேனில் வாடகை அறைகளுக்கு வந்தது. அந்த வீட்டுச் சிறுவன் ஜான் மேஜர், 1990-ல் பிரிட்டனின் பிரதமர் ஆனார். கிரிக்கெட்டை நேசிக்கிறவர்கள் வணங்கும் எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1989-ல் உயிர்விட்டது ரெயில்டன் ரோட்டில் ஒரு பழைய வீட்டின் மாடியில். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று ஆட்சியாளர்கள் நினைத்த காலத்திலும் இந்தத் தெருக்களில் ஆள் இருந்தது, அடுப்பு எரிந்தது, யாரோ ஒருவர் ஒழுகும் கூரைக்கு ஒட்டுப் போட்டார். அதனால்தான் இன்று 20 லட்சம் பவுண்டுக்கு விற்க ஒரு வீடு இருக்கிறது. விற்பனை அட்டையில் அவர்களுக்கு ஒரு வரி இல்லாததில் எனக்கு வருத்தம் உண்டு.

மறுநாள் தனியாகப் பட்னிக்குப் போனேன். காலினெட் ரோடு, இரண்டாம் எண். அதுவும் பெரிய வீடாக இருந்து, நோயாளிகளைப் பார்க்கும் இல்லமாக மாறிய வீடு. இங்கிலாந்தில் இருந்த கடைசி மாதங்களில் சீனிவாச ராமானுஜன் அங்கே படுத்திருந்தார். கணித அறிஞர் ஹார்டி டாக்சியில் வந்து, வண்டி எண் 1729, சுவையில்லாத எண் என்று சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் பதில் சொன்னதும் இந்த வீட்டில்தான். கதையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கதைக்கு ஒரு வீடு உண்டு, அதற்குச் சன்னல் உண்டு, எதிரே மரம் உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கேம்பிரிட்ஜ் வந்த புதிதில் கம்பளிக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், விரித்த கம்பளிகளின் மேலேயே படுத்துக் ராமானுஜன் குளிரில் நடுங்கியதை, அப்போது அங்கே படித்த நண்பர் மகலனோபிஸ் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்துப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இந்தப் பட்னி வீட்டில் அவர் அறைக் கணப்புக்கு யாரோ ஒரு பெண் கரி கொண்டு வந்திருப்பாள். ராமானுஜனின் தொலைந்துபோன நோட்டு என்று சொல்லப்படும் தாள்கள் 1976-ல் டிரினிட்டி கல்லூரியின் ரென் நூலகத்தில் கிடைத்தன. ஹானாவின் நாட்குறிப்பும் அதே கல்லூரியில். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மாடிச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர் நாயோடு கடந்து போனார். மழை பிடித்தது.

டூட்டிங் திரும்பும்போது இருட்டிவிட்டது. பிராட்வேயில் ஈழத்துக் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டேன். அக்கா மகள் வாடகைக்கு இருப்பதும் ஒரு விக்டோரியா வீட்டின் முதல் மாடிதான். கீழே ஒரு போலந்துக் குடும்பம், மேலே இரண்டு மாணவர்கள். தெருக்கதவைத் திறந்து, பொதுப் படியில் ஏறி, அவள் கதவின் முன் நின்று கைப்பையில் சாவி தேடினேன். பத்து நாளாகத் திறந்து மூடுகிற கதவு. நெஞ்சளவு உயரத்தில் பித்தளை வட்டம், நடுவே சாவித் துளை. தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

உள்ளே அவள் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். சிமென்டை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும், மேல்கூரையில் நழுவிய கற்பலகைகளை மாற்ற வேண்டும் என்று நீண்ட பட்டியல். மரவேலைப் பகுதியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். ஏழு அறைக் கதவுகளும் வீடு கட்டிய காலத்தவை, பழைய பூட்டுத் துளைகள் அடைக்கப்பட்டுள்ளன, கதவுகளை மாற்றத் தேவையில்லை.

"வாங்கறவங்க மாத்தணும்னு சொல்றாங்க சித்தி. நான் வேண்டாம்னு எழுதிட்டேன்" என்றாள். "முருங்கைக்காய் கிடைச்சுதா?"